இயல்பு என்னும் கட்டத்தில் எழுதிய கொள்கை

எண்பதுகளின் தொடக்கத்தில், இராசிபுரத்தில், நாங்கள் நால்வர் சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஓர் ஆட்டம் ஆடினோம். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை எண்ணியதுண்டு; கூச்சம் தடுத்தது. பெரும்பாலும் நாற்பதைக் கடந்த கல்லூரி ஆசிரியர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தம்மை வேறொருவராகக் கற்பித்துக்கொண்டு, பகடை உருட்டி மணிக்கணக்காகப் பேசினார்கள் என்றால் கேட்பவர்க்கு நகைப்புத்தான் வரும். ஆனால் அந்த மேசையில் எனக்கு ஆட்டத்தைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. எனக்கு நேர் எதிரே அமர்ந்திருந்தவர் நான்கு ஆண்டுகளாக என்னோடு பேசாத நண்பர். அவர் மீண்டும் பேசுவாரா என்பதே அது.

அவர் வரலாற்றுத்துறை, நான் தமிழ்த்துறை. இருவரும் ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தோம். அவர் குமாரபாளையத்துத் தறிக் குடும்பத்தில் பிறந்தவர். பொதுவுடைமைக் கருத்தில் ஊறியவர். நான் வெண்ணந்தூர்ப் பக்கத்து வேளாண் குடும்பம். ஊர், முறை, ஒழுங்கு என்று பேசி வளர்ந்தவன். கருத்தால் எதிரெதிர்த் திசையினராயினும் பல ஆண்டுகள் ஒரே உணவுத் தூக்கைப் பகிர்ந்து உண்டோம். எங்கள் விவாதங்களைக் கேட்கவே ஆசிரியர் அறையில் சிலர் நேரங்கழித்து வீடு செல்வர்.

பின்னர் எங்கள் கல்லூரியில் வேலைநிறுத்தம் வந்தது. தற்காலிக ஆசிரியர்களை நிலைப்படுத்த வேண்டும் என்பது கோரிக்கை. நியாயமானது என்றே நானும் கருதினேன்; முதல் இரண்டு நாள் வெளியில் அமர்ந்தேன். மூன்றாம் நாள் என் இறுதியாண்டு மாணவர் நினைவு என்னை அரித்தது. தேர்வு நெருங்கிவிட்டது, பாதி இலக்கணம் நடத்தாமல் கிடந்தது. ஒரு மணி நேரம் மட்டும் என்று உள்ளே சென்று பாடம் நடத்தினேன். வெளியே வந்தபோது அவர் எல்லோர் முன்னிலையிலும், "இவரு கருங்காலிங்க" என்றார். "மாணவர் என்ன குற்றம் செய்தனர்?" என்று கேட்டுவிட்டு நான் நடந்தேன். அதுவே எங்கள் கடைசி உரையாடல். சில நாளில் போராட்டம் பயனின்றி முடிந்தது. அடுத்த பருவத்தில் தற்காலிக ஆசிரியர் இருவர்க்கு வேலை நீட்டிக்கப்படவில்லை. என் ஒரு மணி நேரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றுபோனால் அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. ஒருவரையொருவர் ஏசுவதில்லை, கண்டால் ஒளிவதுமில்லை. ஒரே பந்தியில் உண்போம். ஒருவர் வீட்டு இழவுக்கு மற்றவர் முதல் ஆளாக நிற்போம். ஆனால் நேரான சொல் இராது. இடையில் மூன்றாமவர் ஒருவர் வேண்டும். இருவரும் அவரைப் பார்த்தே பேசுவோம்; அவர் வாய் திறக்க வேண்டியதில்லை, கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். எங்களுக்கு அந்த மூன்றாமவராக வாய்த்தவர் உடற்கல்வி இயக்குநர். திருச்செங்கோட்டுக்காரர், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"ஏனுங்க, அந்தச் சன்னலைச் சாத்தலாமான்னு அவருகிட்டக் கேளுங்க" என்பார் வரலாற்று நண்பர், எனக்கு இரண்டு முழத் தொலைவில் அமர்ந்தபடி.

"சாத்தலாம் என்று சொல்லுங்கள்" என்பேன் நான்.

"சாமி, நடுவுல நானென்ன தபால்பெட்டியா? சன்னலை நானே சாத்திப்போடறேன். ரெண்டு பேரும் ஆளை உடுங்க."

இப்படி நான்கு ஆண்டுகள் கழிந்தன. கணிதத் துறைக்கு அயோத்தியாப்பட்டணத்து இளைஞர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். அவருடைய தமையனார் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். அதனுள் ஓர் ஆட்டத்தின் விதிகளைச் சொல்லும் மெல்லிய நூல்கள் சிலவும், நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் எனப் பல வடிவில் பகடைகளும் இருந்தன. பகடைகளின் எண்கள் வெறும் பள்ளங்களாகவே இருந்தன. மெழுகுக்கோலைத் தேய்த்து நாமே நிரப்ப வேண்டும். அந்தப் பகடைகளுக்காகவே அவர் அப்பெட்டியைக் கல்லூரிக்கு எடுத்துவந்து எல்லோர்க்கும் காட்டினார்.

ஆட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. கலைச்சொல் ஆக்கித் தர வேண்டும் என்று என்னை அழைத்தார். கோட்டை முற்றுகை பற்றி ஐயம் கேட்க வேண்டும் என்று வரலாற்று நண்பரை அழைத்தார். நெய் மண்டிக்கு மேலிருந்த தம் வாடகை அறையில் இருவரையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். உடற்கல்வி இயக்குநர் முன்னமே வந்து கட்டிலை நிறைத்து அமர்ந்திருந்தார். முதலில் எழுந்து போகிறவர் தோற்றவர் ஆகிவிடுவார் என்பதால் நாங்கள் இருவரும் எழவில்லை.

ஆட்டம் எளிது. ஒருவர், எங்களுக்குக் கணித ஆசிரியர், கதையை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு கற்பனை மாந்தரை ஏற்பர். "குகை வாயிலில் நிற்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார், நம் மாந்தர் செய்வதை நாம் சொல்ல வேண்டும். அது கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு மாந்தர்க்கும் ஒரு தாள் உண்டு. வலிமை, அறிவு, விரைவு என்று அதில் கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்கு நான் 'இயல்பு' என்று பெயரிட்டேன். அதில் நல்லவர், தீயவர், இரண்டும் அல்லாதவர் என்ற மூன்றில் ஒன்றை ஆட்டம் தொடங்கும் முன்னரே எழுதிவிட வேண்டும். மூன்றாவதற்கு 'நொதுமலர்' என்ற பழஞ்சொல்லைத் தந்தேன்.

"அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ராட்சசன் வந்து அடிச்சுப் போட்டுட்டுப் போயிருவானுங்க, தமிழய்யா" என்றார் உடற்கல்வி இயக்குநர்.

மூவரும் 'நல்லவர்' என்றே எழுதினோம். எனக்கு அது உறுத்தியது. நல்லவர் என்பது பிறர் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டிய சொல். நாமே நம் தாளில் எழுதிக்கொள்ளும் சொல் அன்று. உறுத்தல் வீண்போகவில்லை. குகைக்குள் ஓர் அரக்கன் உறங்கிக்கொண்டிருந்தான். உடற்கல்வி இயக்குநரின் வீரன் நேரே சென்று அவன் தலையில் வெட்டினான்.

"தூங்குறவனை வெட்டலாமா சார்?" என்றார் கணித ஆசிரியர்.

"புஸ்தகத்துல அவன் தீயவன்னு போட்டிருக்குதுங்களே. என்ற தாள்ல நான் நல்லவன்னு இருக்குது. அப்புறம் என்னுங்க விசாரணை?"

வரலாற்று நண்பர் கொதித்துவிட்டார். வழக்கப்படி என்னைப் பாராமல் கட்டிலைப் பார்த்துப் பேசினார். "அந்த அரக்கனுக்கு மின்னாடி நெலம் இருந்துச்சான்னு யாராச்சும் கேட்டீங்களா? நெலத்தைப் புடுங்கிட்டா எவனா இருந்தாலும் குகைக்குத்தான் போவான். நல்லவன் தீயவன்னு எழுதறதை அடிச்சுப்போடுங்க. அவனவன் எந்தக் கொள்கைக்காரன்னு எழுதுங்க. ஊரு எப்படி நடக்கோணும், தண்ணி யாருக்குப் போகோணும், அதுல எந்தப் பக்கம்? அது தெரிஞ்சா அவன் என்ன பண்ணுவான்னு தெரியும்."

கணித ஆசிரியர்க்கு இது பெருமகிழ்ச்சி. அடுத்த வாரத்துக்குள் அரக்கரும் குகையும் மறைந்தன. ஓர் ஏரி, அதன் மேல்பக்கம் நிலக்காரர், கீழ்பக்கம் தறித்தெரு, நடுவில் ஒரு மதகு என்று புதிய உலகம் ஒன்றை வரைந்துவிட்டார். இயல்புக் கட்டத்தில் வரலாற்று நண்பர் 'பொதுவுடைமை' என்று எழுதினார். நான் 'மரபு' என்று எழுதினேன். உடற்கல்வி இயக்குநர் நெடுநேரம் எண்ணி, 'வெல்லும் பக்கம்' என்று எழுதினார். அதுவும் ஒரு கொள்கையே என்று கணித ஆசிரியர் தீர்ப்பளித்தார். மறுக்க எங்கள் இருவராலும் இயலவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த மாற்றம் முதலில் எதையும் மாற்றவில்லை. இரண்டு வாரம் நாங்கள் மேடைப்பேச்சுப் பேசினோம். அவர் கொள்கை அவருக்கு அறம்; என் கொள்கை எனக்கு அறம்; எதிரே இருப்பது தீமை. பழைய சொற்களுக்குப் புதிய சட்டை மாட்டியிருந்தோம், அவ்வளவே. அலுப்புற்ற உடற்கல்வி இயக்குநர்தாம் வழி சொன்னார்.

"கபடிப் பயிற்சியில பசங்க ஒரே பக்கம் நின்னு நின்னு அந்தப் பக்கத்துக் கோடே மறந்துபோயிருவானுங்க. நான் பாதியில ஊதி, ஆளைப் பக்கம் மாத்தி உடுவேன். இங்கயும் மாத்தி உடுங்க."

சீட்டெழுதிக் குலுக்கினோம். எனக்குப் பொதுவுடைமை வந்தது. வரலாற்று நண்பர்க்கு மரபு. உடற்கல்வி இயக்குநர்க்கு அவர் எழுதிய சீட்டே திரும்ப வந்தது. மறுபடி குலுக்க வேண்டும் என்றார் கணித ஆசிரியர்.

"வேண்டாமுங்க. நான் எப்பவுமே அதுலதானுங்க" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் அவர்.

இப்படி நான் தறித்தெருச் சங்கத்தின் தலைவனானேன். வரலாற்று நண்பர் மேல்பக்கத்து நிலக்காரர்க்குத் தலைவரான பெரியதனக்காரர் ஆனார். உடற்கல்வி இயக்குநர் இருபக்கத்துச் சரக்கையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு உடைமையாளர். அன்றே ஓர் இடர் எழுந்தது. மதகுப் பேச்சுக்காக எங்கள் இருவரையும் கணித ஆசிரியர் ஏரிக்கரைக்கு அழைத்துவிட்டார். வரலாற்று நண்பர் அவர் பக்கம் திரும்பி, "மதகைத் தெறக்க முடியாதுன்னு அந்தச் சங்கத்துக்காரருகிட்டச் சொல்லுங்க" என்றார்.

"நான் எப்படிச் சார் சொல்றது? ஏரிக்கரையில நீங்க ரெண்டு பேரும்தான் இருக்கீங்க. நான் அங்க இல்ல."

"இவருகிட்டச் சொல்றேன், இவரு சொல்லட்டும்" என்று கட்டிலைக் காட்டினார்.

"என்ற வண்டி சந்தைக்குப் போயிருச்சுங்க" என்றார் கட்டிலில் இருந்தவர்.

நண்பர் தம் தாளைப் பார்த்தார். பின்னர் என் முகத்தைப் பாராமல், என் தாளைப் பார்த்தவாறு, "ஏனுங்க தோழரே, மதகைத் தெறக்கறதுக்கில்லீங்க" என்றார்.

"காரணம் கேட்கலாமா, பெரியதனக்காரரே?" என்றேன்.

அது முதல் சனிக்கிழமைகளில் தோழரும் பெரியதனக்காரரும் நன்றாகப் பேசிக்கொண்டார்கள். தேநீர் வந்ததும் நாங்கள் மீண்டும் பேசாதவர்கள் ஆவோம். எனக்குச் சர்க்கரை போதுமா என்று அவர் கட்டிலைக் கேட்பார். இந்த விந்தை நான்கைந்து வாரம் நீடித்தது. அந்த வாரங்களில் நான் ஒன்றைக் கண்டேன். கடன் வாங்கிய கொள்கையை ஏற்றுப் பேசுவது, நாடகத்தில் பிறர் வசனத்தை ஒப்பிப்பது போன்றதன்று. அடுத்து என்ன செய்வேன் என்று ஒருவர் எதிரே அமர்ந்து கேட்கிறார். விடை சொல்ல வேண்டுமானால் அந்தக் கொள்கைக்குள் புகுந்து, அங்கிருந்து பார்க்க வேண்டும். 'தீயவர்' என்ற சொல் நம்மை எங்கும் புகச் சொல்வதில்லை. வெட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போகச் சொல்கிறது.

பிறகு ஒரு சனிக்கிழமை, கதையில் தறித்தெரு வேலைநிறுத்தம் செய்தது. தண்ணீர்ப் பங்கு கிடைக்கும்வரை தறியும் ஓடாது, சாயமும் ஏறாது. அதை அறிவித்தவன் நான்தான். கணித ஆசிரியர் தம் குறிப்பேட்டில் நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதிவைத்திருப்பார். எது நேர்கிறது என்பதைப் பகடை முடிவு செய்யும். அன்று உருட்டிவிட்டு அவர் படித்தார்:

"மூணாவது நாள். வயசான சாயக்காரர் ஒருத்தர் உள்ள போயிட்டார். அவருடைய அவுரித் தொட்டியைத் தினமும் கலக்கணும், இல்லன்னா கெட்டுப்போயிடும். அடுப்பு மூட்டியிருக்கார். புகை தெரியுது. என்ன செய்றீங்க?"

கணித ஆசிரியர் எங்கள் கல்லூரிக்கு வந்தது போராட்டத்துக்குப் பின்னர். அது தற்செயலே என்று பின்னாளில் பலமுறை உறுதி கூறினார். நம்பவோ மறுக்கவோ என்னிடம் சான்று இல்லை.

"நான் வெளிய நின்னு பார்க்கறேனுங்க. எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியோணுமில்ல" என்றார் வண்டி உடைமையாளர்.

நான் பேசியாக வேண்டும். சாயக்காரர் செய்தது சரி என்று சொல்ல என் நாக்கு துடித்தது. ஆனால் என் தாளில் எழுதியிருந்தது வேறு. அந்தக் கொள்கையில் நிற்கும் தலைவன் என்ன சொல்வான் என்று எண்ணி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"தொட்டியைக் கலக்குவது ஒரு நாழிகை வேலை. ஆனால் அந்தப் புகையை ஊரே பார்க்கும். தறித்தெருவில் வேலை நடக்கிறது என்று மேல்பக்கத்தார் சொல்வார்கள். பிறகு நம்முடன் பேச வேண்டிய தேவையே அவர்களுக்கு இராது. நிலையான தறி இல்லாமல் நம்மை நம்பி வெளியே வந்தவர்களைத்தான் முதலில் வேலையைவிட்டு அனுப்புவார்கள். அந்த இருவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, சாயக்காரர் தம் நல்லெண்ணத்தோடு தொட்டியருகே நின்றுகொண்டிருப்பார்."

சொல்லி முடித்த பிறகே எனக்கு உறைத்தது. 'அந்த இருவர்' என்று யாரைச் சொன்னேன்? கதையில் இருவர் என்று எவரும் இல்லை.

பெரியதனக்காரர் இருபது முகப் பகடையைக் கையில் வைத்து விரலால் அதன் முனைகளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். அவர் குரல் மேடைக் குரலாக இல்லை.

"தொட்டி என்னுங்க குத்தம் பண்ணுச்சு? உங்க கோரிக்கை இன்னிக்கு இல்லாட்டி நாளான்னிக்குக் கெடைக்கும். கெட்ட தொட்டி திரும்ப வருமுங்களா? அந்தாளு உங்களைக் காட்டிக்குடுக்கப் போகலீங்க. தன்னை நம்பி ஒண்ணு கெடக்குது, அதைப் பார்க்கப் போனான். ரெண்டு நாளு உங்க கூடவே வெயில்ல உக்காந்தவன்தானுங்க அவன்."

நான்கு ஆண்டுகளாக என் பக்கத்து நியாயத்தை நான் மனத்துள் எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறையும் இவ்வளவு நன்றாக அமைந்ததில்லை.

"கூட்டத்துல யார் சொல்றது எடுபடுதுன்னு பார்க்கணும். பகடை போடுங்க சார்" என்றார் கணித ஆசிரியர்.

நண்பர் பகடையை மேசைமேல் வைத்தார், உருட்டவில்லை. பழக்கம் காரணமாகக் கட்டில் பக்கம் திரும்பி, "அந்த ரெண்டு பேரைப் பத்தி அவருக்குத் தெரியுமான்னு..." என்று தொடங்கினார்.

"நேராக் கேளுங்க, சாமி" என்றார் உடற்கல்வி இயக்குநர். அவர் குரல் அத்தனை தாழ்ந்து நான் கேட்டதில்லை.

நண்பர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, அந்த ரெண்டு வாத்தியாரும் இப்ப எங்க இருக்கறாங்கன்னு தெரியுமுங்களா?"

"ஒருவர் தருமபுரிப் பக்கம் பள்ளியில் சேர்ந்ததாகக் கேள்வி. மற்றவரைப் பற்றித் தெரியாது. நான் யாரையும் கேட்கவில்லை."

"ஏன் கேக்கலீங்க?"

"கேட்டால் தெரிந்துவிடுமே என்றுதான்."

"அவரு ஆழ்குழாய்க் கெணறு தோண்டற ரிக்கு வண்டியோட வடக்க போயிட்டாருங்க. பாடம் நடத்தறதையே உட்டுட்டாரு" என்றார். பிறகு, "நான் அன்னிக்குச் சொன்னது தப்புன்னு இப்பவும் நெனைக்கலீங்க. நீங்க கெட்ட எண்ணத்துல போனீங்கன்னும் நெனைக்கல. இந்த ரெண்டும் எப்படி ஒண்ணாச் சேந்து நிக்குதுன்னுதான் எனக்குப் புடிபடல."

எனக்கும் பிடிபடவில்லை என்றேன். அன்று ஆட்டம் அதற்குமேல் நடக்கவில்லை. கணித ஆசிரியர் பகடைகளை எண்ணிப் பெட்டிக்குள் வைத்தார். நாங்கள் இருவரும் படியிறங்கிப் பேருந்து நிலையம்வரை நடந்தோம். வழியெல்லாம் அவர் உரக்கப் பேசினார். நானும் உரக்கப் பேசினேன். கடைக்காரர் சிலர் எட்டிப் பார்த்தனர். பிரியும் இடத்தில், "நாளைக்குக் காத்தால ஊட்டுக்கு வாங்க. நான் இன்னும் முடிக்கலீங்க" என்றார்.

மறுநாள் ஞாயிறு. ஒன்பது மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன். வடக்கே போனவருக்கு ஒரு கடிதம் எழுதுவதென்று முடிவு செய்தோம். முகவரி அறியத் திருச்செங்கோட்டில் தமக்கு ஆள் உண்டு என்று உடற்கல்வி இயக்குநர் முந்தின நாளே சொல்லியிருந்தார். தாளும் பேனாவும் என் முன் இருந்தன.

"'நாங்கள்' என்று தொடங்குங்க" என்றார் நண்பர். "நம்ம எல்லாருஞ் சேந்துதான் அவரைக் கைவிட்டோம். போராட்டத்தைச் சரியா நடத்தாத நாங்களும் அதுல உண்டு."

"உள்ளே சென்றது நான் ஒருவன். 'நான்' என்றே தொடங்க வேண்டும்" என்றேன்.

"அப்படி எழுதுனா அது உங்க மனசு ஆறறதுக்கு எழுதுன கடுதாசியாப் போயிருமுங்க."

"நீங்கள் சொல்வதுபோல் எழுதினால் அது யாரும் எழுதாத கடிதம் ஆகிவிடும்."

அவருடைய துணைவியார் இருமுறை தேநீர் கொண்டுவந்து வைத்தார். பகல் உணவுக்கு இலை போட்டாகிவிட்டது என்று அவர் அழைத்தபோதும் தாளில் முதற்சொல் எழுதப்படவில்லை. கை கழுவ எழுந்த நண்பர் பாதி வழியில் திரும்பி நின்று, 'நாங்கள்' என்பதற்கு வேறொரு காரணம் சொல்லத் தொடங்கினார்.